புரை காத்திருக்கும், மற்றவை காத்திருக்காது



ஐம்பது, அறுபது ஆண்டுகளுக்கு முன் கண் மங்கிய பெரியவர் ஒருவர் மருத்துவரிடம் போனால் பெரும்பாலும் கிடைத்த பதில் இது: “புரை இன்னும் முற்றவில்லை. முற்றினதும் வாங்க.” அவரும் திரும்பிவிடுவார். அறுப்பு முடியட்டும், பேத்தி கல்யாணம் முடியட்டும் என்று ஒன்றிரண்டு வருஷம் ஓடும். எதிரில் வருவது மகனா மருமகனா என்று தெரியாத நிலை வந்ததும் கைபிடித்துக் கண் முகாமுக்கு அழைத்துப் போவார்கள். அறுவை நடக்கும், பார்வை திரும்பும். காத்திருந்ததால் கெட்டது ஒன்றுமில்லை என்று ஊரே பார்த்துத் தெரிந்துகொண்டது.

அந்தக் காலத்துப் புரைக்கு அது சரியான யோசனை. ஆனால் அந்த வழக்கம் புரையோடு நிற்கவில்லை. கண்ணில் எது வந்தாலும் பொறுத்துப் பார்க்கலாம் என்ற நம்பிக்கையாகக் குடும்பங்களுக்குள் இறங்கிவிட்டது. மருந்தும் கருவியும் மருத்துவரும் இருந்தும், வந்து சேர்வதில் ஏற்பட்ட தாமதத்தால் மட்டும் பறிபோகும் கண்கள் இன்று ஏராளம். ஒவ்வொரு கண்நோய்க்கும் ஒரு கெடு இருக்கிறது. ஒன்றுக்கு மணிக்கணக்கு, ஒன்றுக்கு நாள்கணக்கு, இன்னொன்றுக்கு ஆண்டுக்கணக்கு. இந்த உரை அந்தக் கெடுக்களைப் பற்றியது.

கெடு மிகத் தளர்வாக உள்ள புரையிலிருந்தே தொடங்கலாம். கண்பாவைக்குப் பின்னால் இருக்கும் லென்ஸ் பிறக்கும்போது தெளிந்த நீர்போல இருக்கும். வயது ஏற ஏற அதிலுள்ள புரதம் திரிந்து மங்குகிறது. சர்க்கரை நோய், கண்ணில் பட்ட அடி, நீண்ட நாள் ஸ்டீராய்டு மருந்து, புகைப்பழக்கம் ஆகியவை அதை விரைவாக்கும். சொட்டு மருந்து எதுவும் புரையைக் கரைக்காது. இந்தியாவில் 2015 முதல் 2019 வரை நடந்த தேசியக் கணக்கெடுப்பில், 50 வயது கடந்த பார்வையற்றோரில் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கினருக்குக் காரணம் புரை. அறுவையால் நீங்கக்கூடிய ஒரு குறை இன்னும் முதலிடத்தில் இருக்கிறது என்பது வருத்தத்துக்குரிய செய்தி.

இந்த நோயோடு மனிதன் நடத்திய போராட்டம் மிகப் பழையது. சுசுருத சங்கிதையிலேயே புரை மருத்துவம் சொல்லப்பட்டிருக்கிறது. பின்னால் பல நூற்றாண்டு ஊர் ஊராகச் சுற்றிய வைத்தியர்கள் கண்ணுக்குள் ஊசியைச் செலுத்தி, மங்கிய லென்ஸைக் கண்ணின் அடிப்பகுதிக்குத் தள்ளிவிடுவார்கள். திரை விலகியதும் நோயாளி விரல்களை எண்ணுவார். வைத்தியர் கூலி வாங்கிக்கொண்டு அடுத்த ஊருக்குப் போயிருப்பார். உள்ளே தள்ளப்பட்ட லென்ஸால் கண் அழன்று, அழுத்தம் ஏறி, பலருக்குச் சில வாரங்களிலோ மாதங்களிலோ இருந்த வெளிச்சமும் போய்விடும். 1819இல் தொடங்கிய சென்னைக் கண் மருத்துவமனை, லண்டன் மூர்ஃபீல்ட்ஸுக்கு அடுத்தபடி உலகின் மிகப் பழைய கண் மருத்துவமனைகளில் ஒன்று; இன்று எழும்பூரில் இயங்குகிறது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் ராபர்ட் ஹென்றி எலியட். ஊசி வைத்தியத்தால் கெட்டு வந்த கண்களை அவர் விடாமல் ஆராய்ந்தார். 1917இல் லண்டனில் அதைப் பற்றியே சொற்பொழிவு ஆற்றினார். அந்த வைத்தியத்தின் உண்மைக் கணக்கை ஆதாரத்தோடு எழுதியவர்களில் அவர் முக்கியமானவர்.

லென்ஸை உள்ளே தள்ளாமல் வெளியே எடுக்கும் அறுவையை 1747இல் பிரான்சில் ஜாக் டேவியல் செய்தார். அதன் பிறகு இருநூறு ஆண்டு “முற்றட்டும்” என்ற யோசனைக்கு நல்ல காரணம் இருந்தது. முற்றாத லென்ஸின் பசைபோன்ற பகுதி முழுவதுமாக வெளியே வராது. உள்ளே தங்கினால் கண் அழலும். இன்னொரு காரணம் கண்ணாடி. லென்ஸ் எடுத்த கண்ணுக்கு ஏறத்தாழ ‘பிளஸ் 10’ அளவில் சோடாபுட்டிக் கண்ணாடி வேண்டும். அதில் எல்லாப் பொருளும் கால்பங்குக்கு மேல் பெரிதாகத் தெரியும். படி எங்கே முடிகிறது என்று காலுக்குத் தெரியாது. ஒரு கண்ணில் அறுவை செய்து மறுகண்ணில் கொஞ்சம் பார்வை மிச்சமிருந்தால் இரண்டு காட்சியும் ஒட்டாது. அந்தக் கண்ணாடி உடைந்தால் அடுத்தது வாங்கும்வரை அவர் மறுபடி பார்வையற்றவர். அப்படியொரு வாழ்க்கைக்கு, இருக்கும் பார்வையை வைத்து முடிந்தவரை ஓட்டலாம் என்று மருத்துவர்கள் சொன்னது நியாயம்தான்.

அதை மாற்றியது ஒரு போர்க்காலக் கவனிப்பு. இரண்டாம் உலகப் போரில் பிரிட்டிஷ் விமானிகள் சிலருக்கு, குண்டடிபட்டு உடைந்த விமான மேல்மூடியின் பிளாஸ்டிக் சில்லுகள் கண்ணுக்குள் பாய்ந்தன. அந்நியப் பொருள் உள்ளே போனால் கண் சிவந்து வீங்க வேண்டும். இவை ஆண்டுக்கணக்கில் ஒரு தொந்தரவும் தராமல் கிடந்தன. லண்டன் மருத்துவர் ஹெரால்டு ரிட்லி இதைக் கவனித்தார். அதே வகைப் பிளாஸ்டிக்கில் லென்ஸ் செய்து, 1949 நவம்பர் 29 அன்று செயின்ட் தாமஸ் மருத்துவமனையில் ஒரு நோயாளியின் கண்ணுக்குள் வைத்தார். அக்காலத்துப் பெரிய கண் மருத்துவர்கள் பலர் அவரை வெளிப்படையாகவே எதிர்த்தார்கள். கண்ணிலிருந்து பொருளை எடுப்பது மருத்துவம், உள்ளே வைப்பது விபரீதம் என்பது அவர்கள் கட்சி. ரிட்லியின் எண்ணம் நிலைபெற முப்பது ஆண்டு ஆனது. அவருக்கு நைட் பட்டம் கிடைத்தபோது 2000ஆம் ஆண்டு, வயது 93. அதற்குள் தம் கண்களிலேயே அந்த லென்ஸை வைத்துக்கொண்டிருந்தார்.

நியூயார்க்கில் சார்லஸ் கெல்மன் 1967இல் இன்னொரு கதவைத் திறந்தார். பல் மருத்துவரிடம் போயிருந்தபோது, பல்லைச் சுத்தம் செய்யும் மீயொலிக் கருவியைப் பார்த்து அவருக்கு அந்த யோசனை வந்தது. லென்ஸைக் கண்ணுக்குள்ளேயே ஒலியதிர்வால் உடைத்து உறிஞ்சிவிட்டால் பெரிய வெட்டு தேவையில்லை. இன்று பேகோ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். வெட்டு 3 மில்லிமீட்டருக்கும் குறைவு. மடித்த லென்ஸ் அதன் வழியே உள்ளே போய் விரிந்துகொள்ளும். விலையுயர்ந்த கருவி வேண்டாத இன்னொரு முறையும் உண்டு. 6, 7 மில்லிமீட்டர் அளவில் சாய்வான சுரங்கம்போல வெட்டி, லென்ஸை முழுதாக எடுத்துவிட்டுப் புதியதை வைப்பது. வெட்டு தானே மூடிக்கொள்ளும், தையல் வேண்டாம். இந்தியாவிலும் நேபாளத்திலும் பல லட்சம் ஏழைகள் பார்வை பெற்றது இந்த முறையால்தான். தேர்ந்த கையில் இரண்டுமே நல்ல பலன் தருபவை. பணம் குறைந்த முறை என்பதால் அதைத் தாழ்வாகப் பேசுவது தவறு.

ஆனால் லென்ஸ் விலை எட்டாத உயரத்தில் இருந்தால் ரிட்லியின் கண்டுபிடிப்பு கோவில்பட்டிக்காரருக்கு எப்படி வந்து சேரும்? இந்த இடத்தில் டாக்டர் ஜி. வெங்கடசாமியைப் பற்றிச் சொல்லாமல் போக முடியாது. எட்டயபுரம் பக்கம் வடமலாபுரத்தில் 1918இல் பிறந்தவர். இளம் வயதிலேயே முடக்குவாதம் விரல்களை வளைத்துவிட்டது. வளைந்த விரல்களுக்கு ஏற்பக் கருவிகளை அமைத்துக்கொண்டு அறுவை பழகினார். வாழ்நாளில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட கண் அறுவைகள் செய்தார். 58 வயதில் அரசுப் பணியிலிருந்து ஓய்வுபெற்று, 1976இல் மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். பணம் கொடுக்க முடிந்தவர் கொடுப்பார், முடியாதவருக்கு இலவசம், அறுவை இருவருக்கும் ஒன்றே. 1992இல் அதன் துணையாக ஆரோலேப் எழுந்தது. வெளிநாட்டில் 100 டாலர் அளவில் விற்ற லென்ஸை மதுரையிலேயே தயாரித்து, விலையைப் பத்தில் ஒரு பங்குக்குக் கொண்டுவந்தது. பள்ளிக்கூடத்திலும் சத்திரத்திலும் அறுவை நடந்த பழைய முகாம்களும் மாறின. முகாமில் பரிசோதனை மட்டும். அறுவைக்கு நோயாளிகளைப் பேருந்தில் மருத்துவமனைக்கே அழைத்து வந்து, சோறு போட்டு, திரும்பக் கொண்டுபோய் விடுகிறார்கள். நுண்ணோக்கியும் கிருமி நீக்கிய அறையும் இல்லாமல் லென்ஸ் வைக்கக் கூடாது என்பதால் வந்த மாற்றம் அது.

ஆகவே, முற்றட்டும் என்று காத்திருக்க இன்று காரணமே இல்லை. படிப்பதற்கோ, வண்டி ஓட்டுவதற்கோ, கறிகாய் நறுக்குவதற்கோ மங்கல் இடைஞ்சலாகும்போது செய்துகொள்ளலாம். மிகவும் முற்றவிட்டால் லென்ஸ் கல்போல இறுகி அறுவை கடினமாகும். சிலருக்கு அது உப்பி, நீர் வடியும் வழியை அடைத்து, கண்ணழுத்தத்தை ஏற்றிவிடும். அப்போது வலியும் வாந்தியுமாக அவசரச் சிகிச்சைக்கு ஓட வேண்டியிருக்கும். அறுவை முடிந்த சில நாட்களில் கண் வலித்துச் சிவந்து பார்வை குறைந்தால், அது உள்தொற்றாக இருக்கலாம். அன்றே போக வேண்டும். ஓரிரு ஆண்டு கழித்து மெல்ல மங்கினால் அது வேறு. லென்ஸைத் தாங்கும் பின்சவ்வு மங்கியிருக்கும். “புரை திரும்பி வந்துவிட்டது” என்று கலங்க வேண்டாம். சில நிமிட லேசர் போதும்.

இனி மணிக்கணக்குக் கெடு உள்ள நோய், கருவிழிப் புண். நெல் அறுக்கையில் தாள் நுனி கண்ணில் குத்துகிறது. கதிரடிக்கையில் உமி பறந்து விழுகிறது. கரும்புச் சோகை கீறுகிறது. பால் கறக்கும்போது மாட்டு வால் அடிக்கிறது. கருவிழியின் நடுப்பகுதி அரை மில்லிமீட்டர் தடிமன்தான். அதன் மேலடுக்கு கீறப்பட்டால் கிருமிக்கு வாசல் திறந்தாகிவிட்டது. மதுரை வட்டாரத்தில் 1990களில் நடந்த ஆய்வில், கிருமி கண்டறியப்பட்ட கருவிழிப் புண்களில் ஏறத்தாழ பாதிக்குப் பூஞ்சையே காரணம் என்று தெரிந்தது. குளிர்நாட்டுப் பாடநூல்கள் பாக்டீரியாவைத்தான் முதலில் சொல்லும். நம் மண்ணிலும் பயிரிலும் வாழும் புசேரியம், ஆஸ்பெர்ஜில்லஸ் போன்ற பூஞ்சைகள் உமியோடும் தாளோடும் கண்ணுக்கு வருகின்றன. ஆகவே இது பெரும்பாலும் உழைப்பாளியின் நோய். தேசியக் கணக்கெடுப்பு 50 வயதுக்குக் கீழே பார்வை இழந்தவர்களைப் பார்த்தபோது முதல் காரணமாக நின்றது புரை அல்ல, கருவிழி. வயலில் நிற்கும் வயது அது.

கீறல் விழுந்ததும் என்ன நடக்கிறது? தாய்ப்பால் விடுகிறார்கள், விளக்கெண்ணெய் விடுகிறார்கள், தூசி எடுக்கத் தெரிந்தவர் என்று ஒருவரிடம் போகிறார்கள். அவர் நாக்கால் தடவி எடுக்கிறார். அன்போடு செய்வதுதான். ஆனால் திறந்த காயத்தில் அத்தனையும் கிருமிக்குச் சோறு. வலி நிற்காமல் மூன்றாம் நாள் மெடிக்கல் ஷாப்புக்குப் போய் “கண்ணு செவந்திருக்கு, நல்ல சொட்டு மருந்தா குடுங்க” என்று கேட்கிறார்கள். சில கடைகளில் ஸ்டீராய்டு கலந்த மருந்து கிடைக்கிறது. சிவப்பு குறைகிறது, ஆள் நிம்மதியாக வேலைக்குப் போகிறார். பூஞ்சையை எதிர்க்க வேண்டிய உடலின் காவலை அந்த மருந்து அடக்கிவிட்டதால், உள்ளே புண் ஆழமாகிறது. மருத்துவரிடம் வரும்போது இரண்டு வாரம் ஆகியிருக்கும், கருவிழி ஓட்டையாகும் நிலையில் இருக்கும். சீட்டு இல்லாமல் ஸ்டீராய்டுக் கண் மருந்து விற்பதை அரசு இன்னும் கடுமையாகத் தடுக்க வேண்டும்.

இதற்கு எளிய தடுப்பு இருக்கிறது என்பதை நேபாளத்தின் பக்தபூர் வட்டாரம் காட்டியது. அங்கே கிராமத் தொண்டர்களைப் பழக்கி, கண்ணில் கீறல் பட்டவர்களை உடனே கண்டுபிடித்து, மூன்று நாள் குளோரம்பெனிகால் களிம்பு போட்டார்கள். கீறல் விழுந்து 18 மணி நேரத்துக்குள் களிம்பு போடப்பட்டவர்களில் ஒருவருக்கும் புண் வரவில்லை. விலையுயர்ந்த கருவி ஏதுமில்லை, ஒரு களிம்புக் குழாயும் சரியான நேரமும் மட்டும்.

புண் வந்த பிறகும் கைவிட வேண்டியதில்லை. புண்ணின் ஓரத்தை மெல்லச் சுரண்டி, கண்ணாடிச் சில்லில் பூசி, பொட்டாசியம் ஹைட்ராக்சைடு விட்டு நுண்ணோக்கியில் பார்த்தால் பூஞ்சை இழைகள் சில நிமிடங்களில் தெரிந்துவிடும். எந்த மருந்து என்பது அந்தச் சோதனையைப் பொறுத்தது. மதுரை, கோவை, புதுச்சேரி அரவிந்த் மருத்துவமனைகளில் 300க்கும் மேற்பட்ட நோயாளிகளிடம் நடந்து 2013இல் வெளியான ஆய்வு, புதிய வோரிகோனசோலைவிடப் பழைய நட்டாமைசின் சொட்டு மருந்தே பூஞ்சைப் புண்ணுக்கு நல்லது என்று நிறுவியது. புசேரியத்தில் வித்தியாசம் இன்னும் பெரிது. இன்று உலகம் முழுவதும் மருத்துவர்கள் அந்த முடிவைப் பார்த்துத்தான் மருந்து எழுதுகிறார்கள். தமிழ்நாட்டு விவசாயிகளின் கண்களிலிருந்து உலகத்துக்குப் போன அறிவு அது.

புண் ஆறியும் தழும்பு மிஞ்சினால் கண்ணில் பூ விழுந்துவிட்டது என்போம். அதற்கு மருந்து இல்லை. மாற்றுக் கருவிழி வேண்டும். 1905இல் இன்றைய செக் நாட்டின் ஒலொமௌட்ஸ் நகரில் எட்வர்ட் ஜிர்ம் முதல் வெற்றிகரமான கருவிழி மாற்றத்தைச் செய்தார். இலங்கையில் டாக்டர் ஹட்சன் சில்வா 1961இல் தொடங்கிய கண் தானச் சங்கம், சிறிய நாடு ஒன்று பல தேசங்களுக்குக் கருவிழி அனுப்ப முடியும் என்று காட்டியது. இங்கேயும் கெடு உண்டு: இறந்து 6 மணி நேரத்துக்குள் கண்ணை எடுக்க வேண்டும். இறந்தவரின் இமைகளை மூடி, மேலே ஈரப் பஞ்சு வைத்து, மின்விசிறியை நிறுத்தி, தலையைச் சற்று உயர்த்தி வைத்தால் கருவிழி காயாமல் இருக்கும். எடுக்க இருபது நிமிடம் ஆகும், முகம் விகாரமாகாது. சர்க்கரை நோயாளி, கண்ணாடி போட்டவர், புரை அறுவை செய்துகொண்டவர் யாரும் தரலாம். துக்க வீட்டில் யாராவது ஒருவர் இதை வாய்விட்டுச் சொல்ல வேண்டும் என்பதுதான் குறை.

மெட்ராஸ் ஐ பற்றிச் சுருக்கமாக. அடினோ வைரஸால் வருவது, ஒன்றிரண்டு வாரத்தில் தானே ஆறும். நோயாளியின் கண்ணைப் பார்த்தால் ஒட்டாது. அவர் கண்ணைத் தொட்ட கை, துண்டு, தலையணை உறை வழியே ஒட்டும். கை கழுவுவதே மருந்து. வெளிச்சம் பார்க்கக் கூசினாலோ பார்வை மங்கினாலோ மருத்துவரிடம் காட்ட வேண்டும்.

கண் நீர் அழுத்த நோய் இவற்றுக்கெல்லாம் நேர் எதிரான குணம் கொண்டது. வலிக்காது, சிவக்காது, நேர்ப்பார்வை கடைசிவரை நன்றாக இருக்கும். கண்ணுக்குள் சுரக்கும் நீர் வடியும் வழியில் தடை ஏற்பட்டு அழுத்தம் ஏறுகிறது. பார்வை நரம்பின் இழைகள் ஓரத்திலிருந்து ஒவ்வொன்றாக அழிகின்றன. ஒரு கண் விட்டதை மறுகண் நிரப்பிவிடுவதால் நோயாளிக்குத் தெரிவதில்லை. பக்கவாட்டில் வரும் ஆளோடு மோதுவது, சாலையைக் கடக்கையில் ஒரு பக்க வண்டியைக் கவனிக்காதது ஆகியவைதான் அறிகுறிகள். அவற்றை வயதின் மேல் போட்டுவிடுவார்கள். தென் தமிழ்நாட்டுக் கிராமங்களில் 40 வயது கடந்தவர்களிடம் அரவிந்த் நடத்தி 2003இல் வெளியிட்ட கணக்கெடுப்பில் 2.6 சதவீதம் பேருக்கு இந்த நோய் இருந்தது. அதன் பொதுவான வகை உள்ளவர்களில் பத்துக்கு ஒன்பது பேருக்கும் மேல், அந்தப் பரிசோதனை வரை தமக்கு நோய் இருப்பதை அறியாதவர்கள். போன பார்வையை எந்த மருந்தும் திருப்பித் தராது. மிச்சத்தைக் காப்பாற்றுவதே சிகிச்சை: தினமும் விடும் சொட்டு மருந்து, லேசர், தேவைப்பட்டால் நீர் வடிய வேறு வழி செய்யும் அறுவை. அந்த அறுவையின் தொடக்க வடிவங்களில் ஒன்றைச் சென்னையில் செய்து புகழ்பெற்றவரும் முன்னே சொன்ன அதே எலியட்தான். மருந்து விட்டும் பார்வை கூடவில்லையே என்று பலர் நடுவில் நிறுத்திவிடுகிறார்கள். கூடாமல், குறையாமல் இருப்பதுதான் அந்த மருந்தின் வெற்றி என்பதை மருத்துவர் உட்காரவைத்து விளக்க வேண்டும்.

இதில் திடீர் வகையும் உண்டு. கண்ணும் தலையும் தாங்க முடியாமல் வலிக்கும், வாந்தி வரும், விளக்கைச் சுற்றி வானவில் வளையம் தெரியும். வாந்தியைப் பார்த்து வயிற்றுக்கு மருந்து வாங்கிக்கொண்டு இரவைக் கழித்தால் பார்வை நிரந்தரமாகப் போய்விடலாம்.

இந்த நோயைப் பிடிக்க இயற்கையே ஒரு வாய்ப்பு தருகிறது. 40 வயதுக்கு மேல் வெள்ளெழுத்து எல்லோருக்கும் வரும். ஊசியில் நூல் கோக்க முடியாமல், செய்தித்தாளைத் தள்ளிப் பிடிக்கும் நாளில் கண்ணாடி தேடிப் போவார்கள். அந்தக் கண்ணாடியின் மதிப்பே பெரிது. அசாம் தேயிலைத் தோட்டங்களில் கொழுந்து பறிக்கும் 40 வயது கடந்த தொழிலாளர்களுக்குக் கண்ணாடி கொடுத்து நடந்த ஆய்வு 2018இல் வெளியானது; பறிக்கும் அளவு 20 சதவீதத்துக்கும் மேல் கூடியது. ஆனால் கண்ணாடிக் கடையோடு நின்றுவிடாமல் அதே சமயத்தில் கண்ணழுத்தத்தையும் நரம்பையும் ஒருமுறை பார்த்துவிட்டால், நீர் அழுத்த நோயைப் பல ஆண்டு முன்னதாகப் பிடித்துவிடலாம். தந்தைக்கோ தாய்க்கோ உடன்பிறந்தவர்களுக்கோ அந்த நோய் இருந்தால் இந்தப் பரிசோதனை கட்டாயம்.

சர்க்கரை நோயின் வேலையும் இதே மௌனத்தில்தான் நடக்கிறது. விழித்திரையின் மெல்லிய ரத்தக் குழாய்கள் கசிகின்றன, அடைபடுகின்றன. பட்டினி கிடக்கும் திசு புதிய குழாய்களை வளர்க்கிறது. வலுவற்ற அந்தக் குழாய்கள் ஒருநாள் உடைந்து கண்ணுக்குள் ரத்தம் கொட்டுகிறது. கொட்டுவதற்கு முதல் நாள்வரை அவர் பேப்பர் படித்துக்கொண்டிருந்திருப்பார். சென்னையில் சங்கர நேத்ராலயா நடத்திய ஆய்வில், 40 வயது கடந்த சர்க்கரை நோயாளிகளில் நூற்றுக்கு 18 பேருக்கு விழித்திரைப் பாதிப்பு இருந்தது. கண்பாவையை விரியவைக்கும் மருந்து விட்டு, விழித்திரையை ஆண்டுக்கு ஒருமுறை பார்த்தால் போதும். சில மணி நேரம் எழுத்து மங்கும், வண்டி ஓட்ட முடியாது. அவ்வளவுதான் சிரமம்.

இங்கே சிகிச்சை வளர்ந்திருப்பதைப் பார்த்தால் நெஞ்சு நிறைகிறது. உரிய நேரத்தில் செய்த லேசர் கடும் பார்வையிழப்பைப் பாதிக்கு மேல் குறைக்கிறது என்று அமெரிக்க ஆய்வுகள் 1970களிலேயே நிறுவின. கசிவைத் தடுக்கக் கண்ணுக்குள் போடும் ஊசி 2005க்குப் பிறகு பரவியது. குடல் புற்றுநோய்க்காக வந்த பெவாசிசுமாப் என்ற மருந்தைச் சிறு சிறு அளவாகப் பிரித்துக் கண்ணுக்குப் பயன்படுத்தத் தொடங்கியதால் ஏழைக்கும் அது எட்டியது. ரத்தம் கொட்டிய கண்ணின் உட்கூழை அகற்றும் அறுவையை மயாமியில் ராபர்ட் மாகெமர் 1970இல் தொடங்கினார். கூகுள் ஆய்வாளர்கள் 2016இல் வெளியிட்ட, விழித்திரைப் படத்தைப் பார்த்து நோயைச் சொல்லும் கணினி நிரல், அரவிந்த், சங்கர நேத்ராலயா போன்ற இந்திய மருத்துவமனைகளின் படங்களையும் கொண்டு பயின்றது. மருத்துவர் இல்லாத ஊரிலும் ஒரு கேமராவை வைத்துப் பரிசோதிக்கலாம் என்ற நிலை அதனால் வந்திருக்கிறது.

விழித்திரை பற்றி இன்னொன்று. திடீரென்று கண்ணுக்குள் மின்னல் வெட்டுவது, கரும்புள்ளிகள் கூட்டமாக மிதப்பது, ஒரு பக்கம் திரை இறங்குவது ஆகியவை விழித்திரை பிரிவதன் அடையாளங்கள். நடுப்பகுதி பிரிவதற்குள் அறுவை நடந்தால் பார்வை நன்றாக மிஞ்சும். நாள்கணக்குக் கெடு அது.

குழந்தைகளின் கெடுக்கள் எல்லாவற்றிலும் கொடியவை. குறைமாதத்தில் பிறக்கும் குழந்தையின் விழித்திரைக் குழாய்கள் முழுதாக வளர்ந்திருக்காது. வெளியே வந்த பிறகு அவை தாறுமாறாக வளர்ந்து திரையையே பிய்த்துவிடும். 34 வாரத்துக்கு முன்போ 2000 கிராமுக்குக் குறைந்த எடையிலோ பிறந்த குழந்தைக்கு, பிறந்து 30 நாளுக்குள் விழித்திரைப் பரிசோதனை செய்ய வேண்டும் என்பது இந்திய வழிகாட்டுதல். இன்னும் சிறிய குழந்தைக்கு அதற்கும் முன்னே. நோய் தெரிந்தால் லேசர் போடலாம். சில வாரம் தவறினால் ஒன்றும் செய்ய முடியாது. சென்னையில் 1996இல் குறைமாதத்தில் பிறந்த ஒரு பெண் குழந்தையின் பெற்றோருக்கு இந்தப் பரிசோதனை பற்றி யாரும் சொல்லவில்லை. குழந்தைக்குப் பார்வை போயிற்று. குடும்பம் ஏறத்தாழ இருபது ஆண்டு வழக்காடியது. 2015இல் உச்ச நீதிமன்றம் ஒரு கோடி ரூபாய்க்கும் மேல் இழப்பீடு வழங்க உத்தரவிட்டது. அந்தத் தீர்ப்பு நாடெங்கும் பிரசவ மருத்துவமனைகளை விழிக்கவைத்தது. இருந்தாலும், குறைமாதக் குழந்தை வீட்டுக்கு வரும் நாளில் “கண் பார்த்தாச்சா?” என்ற கேள்வியைப் பாட்டியும் கேட்கப் பழக வேண்டும்.

மாறுகண் அதிர்ஷ்டம் என்று சொல்லும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. விலகிய கண்ணின் காட்சியை மூளை ஒதுக்கத் தொடங்கி, பிறகு அந்தக் கண்ணையே மறந்துவிடும். ஏழெட்டு வயதுக்குள் கண்ணாடி போட்டு, நல்ல கண்ணைச் சில மணி நேரம் மூடிவைத்து, சோம்பிய கண்ணுக்கு வேலை கொடுத்தால் பார்வை பெரும்பாலும் திரும்பும். பத்து வயதுக்கு மேல் மிகக் கடினம். கண்ணை நேராக்கும் அறுவை எந்த வயதிலும் செய்யலாம், ஆனால் மறந்துபோன பார்வையை அது மட்டும் கொண்டுவராது.

மாலைக்கண் இன்று பெரிதும் குறைந்துவிட்டது. முருங்கைக் கீரைக்கும் பப்பாளிக்கும், 9ஆம் மாதம் தொடங்கி 5 வயதுவரை தரப்படும் வைட்டமின் ஏ மருந்துக்கும், தட்டம்மைத் தடுப்பூசிக்கும் அதில் பங்கு உண்டு. திருச்சி மாவட்டக் கிராமங்களில் சுமார் 15,000 குழந்தைகளிடம் வாரந்தோறும் சிறிதளவு வைட்டமின் ஏ கொடுத்து நடந்த ஆய்வை டாக்டர் எல். ரஹமத்துல்லாவும் குழுவினரும் 1990இல் வெளியிட்டார்கள். அதைப் பெற்ற குழந்தைகளிடையே இறப்பு பாதிக்கு மேல் குறைந்திருந்தது. கண்ணுக்கென்று நினைத்த சத்து உயிரையே காத்தது.

இந்த மாநிலத்தில் 2021 ஆகஸ்டிலிருந்து ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்தில் சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரைகள் வீட்டு வாசலுக்கே வருகின்றன. வாசலுக்கு வரும் அந்தப் பணியாளர் மாத்திரையைக் கொடுக்கும்போது இரண்டு கேள்வி கூடுதலாகக் கேட்கலாம். “கண்ணுல மருந்து விட்டு விழித்திரை பார்த்து ஒரு வருஷம் ஆச்சா?” “வீட்டுல யாருக்காவது கண் பிரஷர் இருக்கா?” ஆமாம் என்றால் வட்டார ஆரம்ப சுகாதார நிலையத்துக் கண் மருத்துவ உதவியாளரிடம் அந்த வாரமே அனுப்பலாம். அறுவடை மாதங்களில் அவர் பையில் ஒரு பெட்டி கண் களிம்பும் இருக்கட்டும். கீறல் பட்ட அன்றே போடுவதற்கும், மறுநாளும் வலி நிற்காதவர்களை மருத்துவமனைக்கு ஏற்றி அனுப்புவதற்கும் அவரைப் பழக்குவது சில நாள் பயிற்சியில் முடிகிற காரியம். பக்தபூரில் முடிந்தது, இங்கே இன்னும் எளிதாக முடியும். வரும் அறுவடைக்கு முன் ஒரு வட்டாரத்திலாவது இதைத் தொடங்க வேண்டும் என்று சுகாதாரத் துறையிடம் இந்த மேடையிலிருந்து கேட்டுக்கொள்கிறோம்.